மாத்திரை வாங்கியவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. விழுங்கியவர் பெயர் எங்கே?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போதை என்றவுடன் சாட்ஸ்வொர்த் பகுதித் தெருமுனைகளில் கைமாறும் ‘சுகர்ஸ்’ என்னும் மட்டரக ஹெராயின் கலவைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நாம் பார்க்கப்போகும் போதை தெருமுனைக்குப் போவதே இல்லை; நடக்க இயலாத ஒரு பெண்ணின் கட்டிலருகே, வலி மாத்திரைப் பெட்டிக்குள் கோடீன் என்ற பெயரில் அது இருக்கிறது.

உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர் குறிப்பிடத்தக்க உடற்குறை அல்லது மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புள்ளிவிவரம் இத்துடன் போதும்.

கோடீன் அபினிக் குடும்பத்தைச் சேர்ந்த வலிநிவாரணி. குறைந்த அளவில் அது கலந்த மாத்திரைகளைத் தென்னாப்பிரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது, ஆகவே வீடியோவைத் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். கோடீன் தன்னளவில் வலுவற்றது; கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ மார்பீன் என்னும் வலுவான வலிநிவாரணியாக மாற்றிய பிறகே வலி அடங்குகிறது. ஒரே மாவைக் கொடுத்தாலும் வீட்டுக்கு வீடு தோசை வேறுபடுவதைப்போல, அந்த நொதியின் வேகம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது: சிலருக்கு மார்பீன் உருவாவதே அரிது, வேறு சிலருக்கோ வழக்கமான அளவிலேயே மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. அதனுடன் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்த ஆபத்து பெருகும். “அடுத்த வீட்டு அக்காவுக்குக் கேட்டது, நீயும் போடு” என்று மாத்திரையை நீட்டும் நம் தாராள மனத்தை இங்கே சற்றே அடக்கிக்கொள்ளலாம்.

முதுகுத்தண்டு அடிபட்ட பெண்ணுக்கு மலச்சிக்கல் ஏற்கெனவே தீராத தொல்லை. கோடீன் அதைக் கூட்டுகிறது. நாள்தோறும் பழகிய உடலில் மருந்து குறையும்போது உடல்வலியும் தூக்கமின்மையும் தோன்றுகின்றன. அது பழைய வலி திரும்பியதைப்போலவே இருப்பதால் அவர் இன்னொரு மாத்திரை எடுக்கிறார், மருத்துவரும் ஐயுறுவதில்லை. பல மாத்திரைகளில் கோடீனுடன் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது; பெரியவர்களுக்கு ஒரு நாளில் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலைச் சிதைக்கக்கூடும்.

இந்த மாத்திரையை விற்கும்போது மருந்துக்கடைக்காரர் வாங்குபவரின் பெயரைப் பதிய வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கடைக்குப் போவது மகளோ மருமகளோ என்பதால் ஏட்டில் அவர்கள் பெயர்கள் பிரிந்து பதிவாகின்றன, விழுங்கும் பெண்ணின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. மருத்துவமனையிலும் இதே கதை: சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரை விட்டுவிட்டு, அதைத் தள்ளி வந்தவரிடம் கேள்வி கேட்கப்படுகிறது. இது அக்கறையின்மை மட்டுமன்று, தவறான மருத்துவம் என்பதே என் கருத்து.

சிகிச்சைக்குப் போகலாமே என்பீர்கள். குழுவாக அமர்ந்து பேசுவதே மறுவாழ்வு மையங்களில் முக்கியமான வழி. காது கேளாத பெண்ணுக்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023இல் 12ஆவது ஆட்சிமொழியானது, ஆனால் மொழிபெயர்க்க வருபவர் மாமியாராக இருந்தால் எந்தப் பெண் மனம் திறப்பார்?

இதைப் பார்த்துவிட்டு வீட்டில் உள்ள மாத்திரைகளை ஒரே நாளில் பறித்துவிடாதீர்கள். கோடீனை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே முறை. தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பேக்லோபனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். உங்கள் பகுதி மறுவாழ்வு மையத்தில் சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள்.