வடைப் பொட்டலமும் ஒரு நூலும்

எல்லோருக்கும் வணக்கம். ‘குரலற்றவர்களின் குரல் இலக்கியம்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். அதோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு. எங்கள் தெருவில் குரல் இல்லாதவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சந்தேகம் என்றால் தண்ணீர் வருகிற நேரம் குழாயடிக்கு வந்து பாருங்கள்! அச்சில் ஏறாத குரல், அவ்வளவுதான்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து வேகமெடுத்த காலம். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்து, கன்னியாஸ்திரியாகி, மடத்துக்குள்ளும் சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவரின் தன்கதை.

அதில் ஒரு காட்சி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி தன் தெருப் பெரியவர் ஒருவரைப் பார்க்கிறாள். வடைப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கி வருகிறார். வந்து, குனிந்து, நாயக்கரிடம் நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பொட்டலம் பிரிந்து வடை விழுந்துவிடாதா? வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அவர் சிரிக்கவில்லை. இவர்கள் கை பட்டால் தீட்டு, அதனால்தான் நூல் என்கிறார்.

தீண்டாமையைப் பற்றிய கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றும் அந்த நூல் அளவுக்கு என்னை இழுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வட்டார வழக்கு நம் நாவல்களுக்குப் புதிதில்லை. ஆனால் பெரும்பாலும் பாத்திரங்கள்தான் அப்படிப் பேசும். கதை சொல்கிறவர் நல்ல தமிழில் எட்ட நிற்பார். பாமா கதையையே தெருப் பேச்சில் சொன்னார். பள்ளியில் என் கட்டுரையில் வீட்டுச் சொல் ஒன்று வந்துவிட்டால் வாத்தியார் சிவப்பு மையில் ‘கொச்சை’ என்று சுழிப்பார். ‘கருக்கு’ கைக்கு வந்தபோது, சுழித்த சொல்லெல்லாம் அட்டை போட்டு வந்ததுபோல் இருந்தது. சரி, எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். அவர் ஊரிலேயே முதலில் கோபப்பட்டார்கள். தன் வீட்டு விஷயம் அச்சில் வந்தால் யாருக்குத்தான் கூசாது?

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒருநாள் அந்த வடைப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார்.

“அந்த வடையத் தின்னாராமா?”

“தின்னாரும்மா.”

“உளுந்து வெளைய வச்சது ஆரு கையாம்?”