மருத்துவமனையில் யாரை எப்படி அழைப்பது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மருத்துவரை எப்படி அழைப்பது என்பதெல்லாம் ஒரு சொற்பொழிவுக்குரிய பொருளா, 'டாக்டர்' என்று சொன்னால் போதாதா என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த வெள்ளை அங்கிக்குள் இருப்பவர் மருத்துவர்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் போதும்தான். சிக்கல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கட்டிலருகே வந்து நாடி பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, மருந்தின் அளவை மாற்றி எழுதிவிட்டுத் திரும்புகிற இளம்பெண்ணிடம், "டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்கும் நோயாளிகள் உண்டு. கேட்பவருக்கு அவமதிக்கும் எண்ணம் துளியும் இருக்காது. ஆனால், 'பெரிய டாக்டர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்' என்று, இரவில் வந்துபோன நெஞ்சு இறுக்கத்தை அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே விட்டுவிடுவார். புண்பட்ட மனம் ஆறிவிடும்; சொல்லாமல் விட்ட அறிகுறி அப்படி ஆறுவதில்லை.

ஆகவே ஊகிப்பதைவிடக் கேட்டுவிடுவதே மரியாதை. "உங்கள் பெயரையும் பொறுப்பையும் தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்பதில் குறைச்சல் ஏதுமில்லை. பிரிட்டனில் முதியோர் மருத்துவராக இருந்த கேட் கிரேஞ்சர், தாமே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, சிகிச்சையளிக்க வந்தவர்களில் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, 2013இல் 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் அவர் மறைந்த பிறகும் அது தொடர்கிறது. முதலில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவர்கள் மருத்துவப் பணியாளர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் மறந்தால் நாம் கேட்கலாம். பட்டங்கள்கூட இடத்துக்கு இடம் மாறுகின்றன. அதே பிரிட்டனில் அறுவை மருத்துவர்கள் பலரை 'டாக்டர்' என்னாமல் 'மிஸ்டர்', 'மிஸ்' என்று அழைப்பதே பழைய மரபு.

செவிலியரிடம்தான் நாம் அதிகம் தவறுகிறோம். விரல் சொடுக்கி அழைப்பதும், "ஏம்மா, இங்க வா" என்று ஒருமையில் கூப்பிடுவதும் மருத்துவரிடம் நாம் கனவிலும் செய்யாதவை. அவர் மருந்தை எண்ணிக்கொண்டோ ஊசியில் அளந்துகொண்டோ இருக்கும்போது குரல் கொடுத்தால் கணக்குத் தவறக்கூடும். சில மருத்துவமனைகளில், மருந்து கொடுக்கும் வேளையில் இடைமறிக்க வேண்டாம் என்று எழுதிய மேலங்கியையே அவர்கள் அணிந்துகொள்கிறார்கள். அவசரமில்லையென்றால் அவர் நிமிரும்வரை பொறுத்திருக்கலாம். மூச்சுத் திணறுகிறதென்றால் பொறுக்கவே கூடாது.

மரியாதை என்பதைத் தலையாட்டல் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று விழிப்பவர் யாருக்கும் மரியாதை செய்தவரல்லர். "டாக்டர், எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பது பணிவான பேச்சுத்தான். இணையத்தில் படித்ததையும் மறைக்க வேண்டியதில்லை; "இப்படிப் படித்தேன், இது எனக்குப் பொருந்துமா?" என்று கேட்டால் அது அவருடைய படிப்பைச் சோதிப்பதாக இராது.

குறை சொல்ல நேரும்போதும் ஆளைவிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். "ஒழுங்கா ஊசி போடத் தெரியாதா?" என்றால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முனைவார். "ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது, வலி கூடிக்கொண்டே போகிறது" என்று சொன்னால், அவர் கண் உடனே உங்கள் கைக்குப் போகும்.