ஆங்கில வகுப்புக்கு முதலில் ஒரு நல்ல ஸ்பீக்கர்

அவையில் இருக்கும் ஆங்கில ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

'ஆங்கில வகுப்பறையில் தொழில்நுட்பம்' என்று தலைப்புக் கொடுத்தாலே ஸ்மார்ட் போர்டு, ப்ரொஜெக்டர், டேப்லெட் என்று பேச்சு திரைப்பக்கம் போய்விடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் திரைக்கு இருந்த பஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை என்று அரசும் செலவழித்திருக்கிறது. ஆனால் ஆங்கிலப் பாடவேளையில் அந்தத் திரையில் பெரும்பாலும் நடப்பது என்ன? பாடநூலின் பக்கம் பெரிதாகத் தெரிகிறது. ஆசிரியர் வரி வரியாக வாசித்துத் தமிழில் பொருள் சொல்கிறார். கரும்பலகை செய்த வேலையையே மின்சாரம் செய்கிறது.

ஆசிரியராலும் கரும்பலகையாலும் செய்ய முடியாத வேலைகள் இரண்டு உண்டு. ஒரே வாக்கியத்தை, இம்மியும் மாறாமல், பத்துத் தடவை திரும்பக் கேட்க வைப்பது ஒன்று. மாணவர் பேசியதை அவர் காதுக்கே திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. இரண்டுமே காதின் வேலைகள். ஆகவே இன்று திரையைப் பற்றிக் கொஞ்சமாகவும் ஒலியைப் பற்றி நிறையவும் பேசுகிறேன்.

நம் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருப்பார்கள். மேலே போடும் கோட்டும் 'கோட்', வெள்ளாடும் 'கோட்'. குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. நம் எழுத்தில் வேறுபடுத்த வழியில்லாததைக் கண்ணால் எத்தனை முறை படித்தாலும் வேறுபாடு தெரியப்போவதில்லை. அது காது வழியாகத்தான் வர வேண்டும். குறில் நெடில் விஷயத்தில் நம் பிள்ளைகள் கில்லாடிகள். அதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஆனால் தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்துப் பழகியவர்களுக்கு, ஆங்கிலம் சின்னச் சொற்களை விழுங்கிவிடுவது பெரிய அதிர்ச்சி. 'வாட் டூ யூ வான்ட் டு டூ' என்று அச்சில் படித்த பிள்ளைக்கு, பேச்சில் அது 'வாட்ஜு வானா டூ' என்று வந்தால் வேற்று மொழிபோல் இருக்கிறது. இலக்கணம் தெரிந்தும் கேட்டால் புரியவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சரி, கேட்க வைப்போம். முதல் தடையே ஸ்பீக்கர்தான். கடையில் விற்கும் சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் பாட்டுக்காகச் செய்யப்பட்டவை. பேஸ், அதாவது அடித்தொனி, தூக்கலாக இருக்கும். பேச்சில் உயிரொலிகளின் பலம் கீழ் அலைவரிசையில் இருக்கிறது. ஸ, ஃப, ட, க போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் சங்கதி ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பேஸ் கூடினால் சத்தம் கூடும், தெளிவு குறையும். பின்வரிசைப் பிள்ளை 'சார், கேக்கல' என்றவுடன் நாம் ஒலியளவைக் கூட்டுகிறோம். சுவரும் தரையும் சிமென்ட், ஜன்னலில் திரைச்சீலை கிடையாது. எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது. செய்ய வேண்டியது வேறு: தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பேஸைக் குறையுங்கள், மேல்தொனியான ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஸ்பீக்கரைத் தரையிலோ மேசைக்கடியிலோ வைக்காமல், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காது உயரத்துக்கு, அதாவது மூன்றரை நான்கு அடியில், ஒரு ஸ்டூல்மேல் வையுங்கள். முன்னால் ஒன்று வைத்துக் கத்தவிடுவதைவிட, வகுப்பின் நடுப்பகுதியில் பக்கவாட்டில் வைத்து மெதுவாக ஒலிக்கவிடுவது நல்லது. மின்விசிறி சத்தம் போட்டால் அந்த ஒன்றரை நிமிடத்துக்கு நிறுத்திவிடுங்கள். யாரும் வெந்துபோக மாட்டார்கள்.

ப்ளூடூத்தில் இன்னொரு தொல்லை. சில நொடி அமைதி வந்தால் பல ஸ்பீக்கர்கள் உறங்கிவிடும். மறுபடி ஒலி வரும்போது எழுந்துகொள்வதற்குள் முதல் அசை போய்விடும். சொல்லின் தொடக்க மெய்யைக் கற்றுத்தரும் பாடத்தில் தொடக்க மெய்யே காணாமல் போனால் என்ன செய்வது? நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் வயர் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. போனில் அந்தத் துளை இல்லையென்றால் அதற்கேற்ற டைப்-சி இணைப்பான் வேண்டும். அதுவும் இல்லையா, ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் ஒரு மணியோசையைச் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள். உறக்கத்தை மணி கலைக்கும்.

பதிவு செய்வது என்றதும் ஸ்டுடியோ வேண்டாம். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி 'டப்' என்று கேட்கும். காலி வகுப்பறையைவிட, துணியும் புத்தகமும் அடைந்த சின்ன அறை நல்லது. பேசத் தொடங்குவதற்கு முன் இரண்டு நொடி சும்மா இருங்கள். அந்த வெறும் இரைச்சல் பிறகு தேவைப்படும்.

இனி ஆடாசிட்டி. ஒலிப்பதிவைத் திருத்தும் இலவச மென்பொருள், பழைய லேப்டாப்பிலும் ஓடும். கோப்பைத் திறந்து, அந்த இரண்டு நொடி வெறும் இரைச்சலைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' அழுத்துங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து அதே கருவியை மறுபடி திறந்து ஓகே கொடுங்கள். குறைப்பின் அளவு 12 டெசிபெல் போதும். ஆசைப்பட்டு 24க்கு ஏற்றினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகி, 'ஸ', 'ஃப' இரண்டும் தேய்ந்துவிடும். அடுத்து, உச்ச ஒலியளவைச் சரிசெய்யும் நார்மலைஸ், மைனஸ் 1 டெசிபெல். பிறகுதான் முக்கியமான வேலை: ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ஜெனரேட்', 'சைலன்ஸ்' கொடுத்து இடைவெளி சேர்ப்பது. வாக்கியம் இரண்டு நொடி என்றால் இடைவெளி மூன்று நொடி. பிள்ளைகள் திருப்பிச் சொல்ல அதுவே கணக்கு. கடைசியில் மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3யாக ஏற்றுமதி செய்யுங்கள். நிமிடத்துக்கு அரை எம்பிகூட வராது. கோப்பின் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள். இல்லையென்றால் பென்டிரைவைச் சொருகிய டிவி தன் இஷ்டத்துக்கு அடுக்கிக் காட்டும்.

சிலர் வேகத்தைக் குறைத்துப் போடுகிறார்கள். 0.75 வரை தாங்கும், 0.5க்குப் போனால் குரல் இழுத்துக் கரகரக்கும், சொற்கள் ஒட்டிக்கொள்ளும் இயல்பான ஓட்டமும் கேலிக்கூத்தாகிவிடும். வேகத்தைத் தொடாமல் நிறுத்தி நிறுத்திப் போடுவதே மேல். உண்மையிலேயே மெதுவான ஆங்கிலம் வேண்டுமென்றால் அதற்கென்றே பேசப்பட்டதைத் தேடுங்கள். அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பு ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசிக்கப்பட்டது. அது மனிதர் மெதுவாகப் பேசியது. இயந்திரம் இழுத்தது அல்ல. காதுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு துண்டு, அதுவும் 60 முதல் 90 நொடி. இதற்குமேல் போனால் அது நினைவாற்றல் தேர்வாகிவிடும். கேள்வியை ஒலிக்கு முன்னால் கொடுங்கள். இங்கேதான் நிறைய வகுப்புகள் சறுக்குகின்றன: போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு, 'அந்தப் பெண் எத்தனை மணிக்குக் கிளம்பினாள்?' என்று கேட்டால், எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் கேட்ட பிள்ளை விழிக்கத்தான் செய்யும். முதல் தடவை ஒரே கேள்வி: யார் யாரிடம் பேசுகிறார்கள்? இரண்டாம் தடவை மூன்று விவரங்கள். மூன்றாம் தடவை, பத்துச் சொற்கள் விடுபட்ட எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். விடுபட்டவை கடினமான பெயர்ச்சொற்களாக இருக்கக் கூடாது. 'ஆஃப்', 'டு', 'ஹேவ்' போன்ற விழுங்கப்படும் சொற்களாக இருக்கட்டும். காது தடுக்கி விழும் இடம் அதுதான். இத்தனைக்கும் இடையில் தமிழில் பொருள் சொல்லிவிடாமல் நாக்கைக் கட்டுப்படுத்துவது நம் பொறுப்பு, கருவியின் பொறுப்பு அல்ல.

இப்போது மாணவரின் குரல். நாற்பது பேருக்கு நாற்பது போன் வேண்டாம். ஆறு பேருக்கு ஒரு போன், ஸ்டூல்மேல். ஒருவர் நான்கு வரி பேசிப் பதிவு செய்கிறார், தானே கேட்கிறார், வேண்டுமென்றால் அழித்துவிட்டு மறுபடி பேசுகிறார். அந்த மறுபதிவில்தான் கற்றல் இருக்கிறது. நாம் திருத்துவதற்கு முன்பே பாதிப் பிழைகள் போய்விடும். திருத்தும்போது ஆளுக்கு ஒரே ஒரு குறை. எதைத் திருத்துவது? ஆங்கில உச்சரிப்பு ஆய்வாளர் ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000இல் ஒரு பட்டியல் தந்தார்: வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எவை கெட்டால் பேச்சே புரியாமல் போகும், எவை கெட்டாலும் பாதகமில்லை என்று. சொல்லின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் மெய்க்கூட்டம், குறில் நெடில், 'ப', 'ட', 'க' தொடக்கத்தில் வரும் மூச்சு ஆகியவை முதல் வகை. நாம் வருடக்கணக்காக மல்லுக்கட்டும் 'த' ஒலி, அதாவது நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டச் சொல்கிறோமே அது, இரண்டாம் வகை. பிரிட்டிஷ்காரர்போல் பேச வைப்பது நம் வேலை இல்லை என்று துணிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நம் பிள்ளைகளுக்கே உரிய ஒன்று, சொல்லின் கடைசியில் ஒட்டும் 'உ'. புக் 'புக்கு' ஆகும், பென் 'பென்னு' ஆகும். காதுக்குப் பிடிபடாவிட்டால் கண்ணுக்குக் காட்டலாம். இரண்டு விதமாகவும் சொல்லி ஆடாசிட்டியில் பதிந்து அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். 'புக்' என்பதில் ஒரு மேடு, சிறு இடைவெளி, 'க்' வெடிக்கும் சின்னக் கீற்று, பிறகு நேர்கோடு. 'புக்கு' என்பதில் கீற்றுக்குப் பின் இன்னொரு குட்டி மேடு. திரையை நான் வரவேற்கும் இடம் இது. ஆனால் குண்டூசிப் 'பின்'னுக்குத் தேவையான மூச்சைக் காட்ட எந்தக் கருவியும் வேண்டாம். வாய்க்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் போதும். மூச்சு இருந்தால் காகிதம் ஆடும்.

போனில் இருக்கும் குரல்வழித் தட்டச்சையும் உச்சரிப்புக்குப் பயன்படுத்தலாம். கல்வி ஆய்வாளர்கள் சுகதா மித்ரா, ஜேம்ஸ் டூலி ஆகியோர் அடங்கிய குழு ஐதராபாத்தில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடம் குழந்தைகள் படித்துக் காட்டிப் பழகினார்கள், உச்சரிப்பு மேம்பட்டது. இன்றைய போன் அந்த மென்பொருளைவிடக் கெட்டிக்காரன், சிக்கலே அங்கேதான். 'ஆடு புல் தின்கிறது' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது பிள்ளை மேலே போடும் கோட்டின் ஒலியிலேயே உச்சரித்தாலும், முன்பின் சொற்களை வைத்து ஊகித்து ஆடு என்றே எழுதிவிடும். பிழை மறைந்துவிடும். எனவே இரண்டு சொல்லும் பொருந்தும் வாக்கியமாகக் கொடுங்கள்: 'ஐ சா எ பிக் ...' என்று தொடங்கி இரண்டில் எதையும் சொல்லலாம். ஐந்து முறையில் நான்கு சரியாக விழுந்தால் போதும். ஒரு முறை தவறினால் குற்றம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டியதில்லை. மொழி அமைப்பில் 'இங்கிலீஷ் (இந்தியா)' இருக்கட்டும். ஒரே அறையில் ஏழு குழு சேர்ந்து பேசினால் எந்தப் போனும் திணறும். வராந்தாவுக்கு இரண்டு குழுவை அனுப்புங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். நாற்பது பேர் ஒரு நிமிடம் அனுப்பினால் நமக்கு நாற்பது நிமிடம். மூன்றாம் நாளே சலித்துப்போய் நிறுத்திவிடுவோம். வகுப்பை ஐந்தாகப் பிரித்து நாளுக்கு எட்டுப் பேர் என்று வையுங்கள். போன் பெரும்பாலும் அப்பாவுடையது, இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்பும். கெடுவை மறுநாள் காலை என்று வைத்தால்தான் நியாயம். எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்தால் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் வீட்டார் தயங்குவதில் தப்பே இல்லை. பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் எண்கள் மறைந்திருக்கும், பதிலும் நமக்கு மட்டுமே வரும். ஒரு நிபந்தனை: நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். 'செய்தியே வரல மிஸ்' என்ற புகாரில் பெரும்பங்கு இதனால்தான்.

திரையைப் பற்றி இரண்டே வார்த்தை. 55 அங்குல டிவியின் உயரம் 27 அங்குலம். எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க, உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரம்தான் எல்லை என்பது பழைய கணக்கு. அதாவது பதின்மூன்றரை அடி. இருபதடி வகுப்பில் கடைசி பெஞ்சு அதற்கு வெளியே இருக்கிறது. திரைக்கு ஆறு வரி, 40 பாயிண்ட் எழுத்து என்று நிறுத்திக்கொள்ளுங்கள். க்யூஆர் கோட்டுப் பாடங்களை முதல் நாளே தீக்‌ஷா செயலியில் தரவிறக்கி வையுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு சிக்னல் தேடுவது நாற்பது நிமிடப் பாடவேளைக்குக் கட்டுப்படியாகாது.

சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்காமல் விடமாட்டீர்கள். பிள்ளைக்குக் கொடுப்பதைவிட ஆசிரியரின் மேசையில் அது அதிகம் உதவும். 'இந்தப் பன்னிரண்டு சொற்களை வைத்து, 120 சொற்களில், பேருந்து நிலையத்தில் இருவர் பேசும் உரையாடல்' என்று அளவோடு கேட்டால் உருப்படியாகத் தரும். கொள்குறி வினா கேட்டால் கவனம்: சரியான விடையே மற்றவற்றைவிட நீளமாக இருக்கும், அல்லது 'பி' என்ற இடத்திலேயே அடிக்கடி வந்து உட்காரும். படிக்காத பிள்ளையும் ரெண்டே நாளில் அதைக் கண்டுபிடித்துவிடும். கலைத்துப் போடுங்கள். ஒலிப்பு வேறுபடும் சொல்லிணைகளைக் கேட்டாலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே அச்செடுங்கள். எழுத்து ஒத்திருந்தால் ஒலியும் ஒத்திருக்கும் என்று அது சில நேரம் உளறும்.

மேசையில் லேப்டாப்பும் ஆக்ஸ் வயரும் இருக்கின்றன. எட்டு எட்டுப் பேராக வாருங்கள். ஒருவர் தம் வகுப்புப் பாடத்திலிருந்து ஐந்து வரி வாசித்துப் பதிய வேண்டும். இன்னொருவர் இரைச்சல் நீக்கி, இடைவெளி சேர்த்து, எம்பி3 ஆக்க வேண்டும். அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டு, எந்தச் சொல் விழுந்தது, எது விழவில்லை என்று எழுதித் தரட்டும்.