முட்டுச்சந்துக்கு எதுக்கு பையோட பேரு?

வணக்கம் மக்களே. கையில இருக்கிற இந்தத் துணிப்பையைப் பாருங்க. வாய் ஒண்ணு, அடி மூடியிருக்கு. உள்ள போனது எதுவா இருந்தாலும் போன வழியாத்தான் வெளிய வரணும். இதை மனசுல வச்சுக்கோங்க, வீடியோ முழுக்க இந்தப் பை வரும்.

முட்டுச்சந்தை இங்கிலீஷ்ல 'கல்-டி-சாக்'னு சொல்வாங்க. அது பிரெஞ்சுல இருந்து வந்த சொல்லு. 'சாக்'னா பை. முதல்ல வர்ற சொல்லுக்கு மரியாதையா அர்த்தம் சொன்னா அடி, உள்ளபடி சொன்னா பிட்டம். 18ஆம் நூற்றாண்டுல ஆங்கிலத்துக்குப் போனப்போ உடற்கூறியல்ல, ஒரு பக்கம் மூடின உறுப்பைச் சொல்லத்தான் இதைப் புழங்கினாங்க. கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை டாக்டர்கள் இன்னும் அப்படித்தான் சொல்றாங்க. தெரு பை மாதிரியும் இல்ல, மத்தது மாதிரியும் இல்லன்னு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கிண்டல் பண்ணிட்டு, 'அம்பாஸ்'னு, அதாவது கடந்துபோக வழியில்லாததுன்னு சொல்லலாமேன்னார். பாரிஸ் தெருப் பலகைகள்ல அந்த அம்பாஸைத்தான் நிறையப் பார்ப்பீங்க. நம்ம முட்டுச்சந்து, நடந்து போறவன் நெத்தியில பட்டு வந்த சொல்லு. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனா இந்தத் தெருவுல என்னென்ன கோளாறு வரும்னு கண்டுபிடிக்க பைதான் உதவும்.

திட்டம் போட்டு இப்படிக் கட்டினது பெருசா பரவினது 20ஆம் நூற்றாண்டுல. லண்டன்ல ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்புங்கிற புறநகர்க் குடியிருப்புக்குன்னே 1906ல ஒரு தனிச்சட்டம் வந்துச்சு. 500 அடிக்குள்ள முடியற சின்னத் தெரு போட அது இடம் கொடுத்தது. 1929ல அமெரிக்காவோட நியூ ஜெர்சியில ராட்பர்ன்னு ஒரு குடியிருப்பு வந்துச்சு. அங்க வீட்டுக்கு ஒரு பக்கம் கார் வர்ற முட்டுச்சந்து, இன்னொரு பக்கம் பூங்காவுக்குப் போற நடைபாதை. பின்னால வந்தவங்க நிறைய பேர் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கிட்டு நடைபாதையை விட்டுட்டாங்க. தப்பு அங்கதான் ஆரம்பிச்சது.

சரி, வண்டி எப்படித் திரும்பும்? சாதாரண கார் வட்டமடிக்க சுமார் 11 மீட்டர் விட்டம் போதும். தீயணைப்பு வண்டிக்குப் போதாது. அமெரிக்காவுல பல ஊர்கள் எடுத்துக்கிட்ட தீ விதித்தொகுப்போட பின்னிணைப்பு என்ன சொல்லுது? தெரு 150 அடிக்கு மேல உள்ள போனா கடைசியில திரும்ப இடம் வேணும். வட்டமா போட்டா 96 அடி விட்டம். சுத்தியல் தலை மாதிரி, அதாவது இங்கிலீஷ் T வடிவத்துல போட்டா குறுக்குக் கை முனைக்கு முனை 120 அடி. 500 அடியைத் தாண்டினா தெரு அகலமும் 20ல இருந்து 26 அடி ஆகணும்.

சுத்தியல் தலை நிலத்தை மிச்சம் பண்ணும். ஆனா அதுல ரிவர்ஸ் எடுத்தே ஆகணும்: நேரா வந்து ஒரு கையில மூக்கை விடணும், அப்புறம் பின்னாடியே எதிர்க் கைக்குப் போகணும், பிறகு வந்த வழி. அந்தக் கையில ஒரே ஒரு கார் நிறுத்தினா போதும், மொத்தக் கணக்கும் போச்சு. வட்டத்துக்கு நடுவுல அழகுக்குன்னு செடித்திட்டு வைக்கிறதும் இதே கதைதான்.

இனி தண்ணி. இங்கதான் பை வேலையைக் காட்டும். தெரு உள்பக்கமா சரிஞ்சா, மழைத்தண்ணி முழுக்க பையோட அடியில, அதாவது கடைசி வீட்டு வாசல்ல வந்து நிக்கும். வடிகால் கம்பிமேல இலை அடைச்சா அடுத்து வீட்டுக்குள்ளதான். அதனால அடியை உயர்த்தி, தண்ணியை வாய்ப் பக்கம் ஓட விடுங்க. நிலம் ஒத்துக்கலைன்னா, ரெண்டு வீட்டுக்கு நடுவுல வழிஞ்சு போக ஒரு தாழ்வான பாதையாவது விட்டாகணும். வட்டத்தோட ஓரத்துல தளம் சமமா போயிடும், அதையும் கவனிங்க: 100 அடிக்கு அரை அடி சரிவாவது இல்லன்னா குட்டை தேங்கும்.

குடிநீர்க் குழாயும் அங்கேயே முடிஞ்சா தண்ணி ஓடாம நிக்கும். குளோரின் குறையும், அடியில வண்டல் சேரும். கடைசியில ஒரு வால்வு வச்சு அப்பப்போ திறந்து, கலங்கல் போற வரைக்கும் விடணும். மூடும்போது மெதுவா மூடுங்க. சட்டுனு மூடினா குழாய் அதிரும், இணைப்பு விட்டுப்போகும். இதைவிட நல்லது, பக்கத்துத் தெருக் குழாயோட சேர்த்துடறது.

அப்புறம் அந்த மறந்துபோன நடைபாதை. பின் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற வீட்டுக்குப் போக தெருவைச் சுத்தணும். டெலிவரி பையனை மேப் அந்தச் சுவருக்குப் பின்னாடிதான் கொண்டுபோய் நிறுத்தும்! சுவர்ல ஒரு வழி திறங்க. 3 மீட்டர் அகலம், வளைவே இல்லாம நேரா, இந்த முனையில நின்னா அந்த முனை தெரியணும். கார் நுழையாம இருக்க நடுவுல ஒரு கம்பம். அது கழட்டுற மாதிரி இருக்கட்டும், சாவி தீயணைப்பு நிலையத்துல இருக்கட்டும்.