வாய் திறந்து தூங்கும் பிள்ளையும் பல்லுக்குப் போடும் கம்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர், கிளிப் போட்டா பல்லு சொத்தையாயிடுமாமே?" என்று கேட்காத அம்மா இல்லை. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "பையன் ராத்திரி வாயை மூடிக்கிட்டுத் தூங்குறானா?" அம்மா யோசிப்பார். கூடப் பாட்டி வந்திருந்தால் பட்டென்று பதில் வரும்: "எங்க மூடுறான்? தலையணை பூரா எச்சில்தான்!"

தலையணை நனைகிறது, வாய் காய்கிறது. இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான்.

கிருமி இல்லாத வாய் கிடையாது. இதை முதலில் கண்ணால் பார்த்தவர் லேவன்ஹூக். ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்தவர். பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர். லென்ஸைத் தானே தேய்த்துச் செய்துகொள்வார். 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் காலையில் உப்புப் போட்டுப் பல் விளக்குகிற மனிதர். அப்படியும் பல் இடுக்கில் கரைத்த மாவு போல வெள்ளையாக ஏதோ இருக்கிறதே என்று சுரண்டி, மழைத்தண்ணீரில் கலந்து பார்த்தால், உள்ளே சின்னச் சின்ன உயிர்கள் துள்ளி ஓடுகின்றன! மனிதர் அதோடு விடவில்லை. வாழ்நாளில் பல்லே விளக்காத ஒரு கிழவரைத் தேடிப்பிடித்து, அவர் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே திருவிழாக் கூட்டம்! நம் நாட்டில் இருக்கிற ஜனத்தொகையைவிட என் வாய்க்குள் இருப்பவை அதிகம் என்று எழுதிவைத்தார். பல் விளக்குகிறவர் வாயிலேயே அவ்வளவு.

ஆகவே கிருமி எல்லோருக்கும் உண்டு. அதற்கு எப்போது கொண்டாட்டம் என்பதுதான் விஷயம். சொத்தைப் பல்லிலிருந்து 1924-ல் கிளார்க் என்பவர் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி, நாம் தின்னும் சர்க்கரையைத் தானும் தின்று அமிலத்தை விடும். அமிலத்தைக் காட்டும் பிஹெச் அளவு 7 என்றால் நடுநிலை; இறங்க இறங்க அமிலம் அதிகம். 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். அதைத் தடுப்பது எச்சில். அமிலத்தைக் கழுவிவிடும், கரைந்த கால்சியத்தையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பதே குறைவு. அதையும் வாய்வழி மூச்சு காயவைத்துவிட்டால்?

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான பத்துப் பேரை மூக்கில் கிளிப் மாட்டித் தூங்கவைத்து வாயின் பிஹெச்சை அளந்தார்கள்; 2016-ல் வெளியானது. சாதாரண இரவில் சராசரி 7. வாயால் மூச்சு விட்ட இரவில் 6.6. சில நேரம் 3.6 வரைக்கும் இறங்கியிருக்கிறது.

இந்த வாயில்தான் கம்பி கட்டுகிறோம். பல்லில் ஒட்டிய பிராக்கெட் என்ற சின்னச் சதுரம், அதன்மேல் பிள்ளைகள் ஆசையாகக் கலர் பார்த்துப் போட்டுக்கொள்கிற ரப்பர் வளையம், நடுவே கம்பி. பிரஷ் நுழையாத இடங்கள் கூடிப்போகின்றன. மியூட்டன்ஸும் லாக்டோபேசில்லஸ் என்ற இன்னொரு கிருமியும் பெருகுகின்றன. ஒரு மாதத்திலேயே பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு தெரியலாம். கம்பியைக் கழற்றும் நாளில் பாருங்கள்: பிராக்கெட் இருந்த சதுரம் பளபளவென்றிருக்கும், ஈறு ஓரம் சுண்ணாம்பு பூத்திருக்கும். வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு ஈறிலும் அடையாளம் உண்டு. மேல்வரிசை முன்பற்களில், உதடு மூடாத அந்தப் பகுதி மட்டும் சிவந்து தடித்திருக்கும். கடைவாய் ஈறு நன்றாகவே இருக்கும்.

இனி என் பழைய பல்லவி. என் வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள், நீங்களும் கேளுங்கள்: ராத்திரி பல் விளக்கிய பிறகு சர்க்கரை போட்ட பால் கூடாது. "பால்தானே டாக்டர், சத்துதானே?" சத்துதான். விளக்குவதற்கு முன்னால் கொடுங்கள். விளக்கிவிட்டுக் கொடுத்தால், எச்சில் இல்லாத வாயில், கம்பி இடுக்கில், விடியும்வரை கிருமிக்கு அது விருந்து. இருமல் சிரப்புக்கும் இதே கதைதான். பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கட்டும். ஆறு வயதுக்கு மேல் 1000 பிபிஎம்முக்குக் குறையாமல். விளக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து அந்த ஃப்ளோரைடையும் சேர்த்து வெளியேற்ற வேண்டாம். திரும்பச் சொல்கிறேன்: விளக்கிய பிறகு பால் கிடையாது!

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மூக்கைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திணறினால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை, டான்சில், அலர்ஜி எதுவாகவும் இருக்கலாம். அடினாய்டு சதை பதின்ம வயதில் சுருங்கும்தான், ஆனால் அதற்குள் மேலண்ணம் குறுகி வளர்ந்துவிடக்கூடும். அதை விரிக்கும் கருவி பற்றி இன்னொரு நாள். செல்போனில் பார்த்துவிட்டு, மூக்கடைத்த பிள்ளைக்கு ராத்திரி வாயில் டேப் ஒட்டாதீர்கள், அது ஆபத்து. நன்றி, வணக்கம்.