ரிவர்ஸ் விளக்கு எரியவில்லையா? முதலில் சுவிட்சைப் பாருங்கள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் காரை என் பட்டறைக்குக் கொண்டு வந்தார். ரிவர்ஸ் போட்டால் பின்னால் எரிய வேண்டிய வெள்ளை விளக்கு இரண்டுமே எரியவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை பல்ப் மாற்றியிருந்தார். கடைசியாகப் பார்த்த இடத்தில், "மொத்த ஒயரிங்கையும் மாற்றணும்" என்று சொல்லிவிட்டார்களாம். மனிதர் கலங்கிப்போய் நின்றார். கியர்பாக்ஸில் இருந்த ஒரு சின்ன சுவிட்சை மாற்றினோம், விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் வேலை.

கையால் கியர் மாற்றும் வண்டிகளில், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சுவிட்ச் கியர்பாக்ஸின் மேலேயோ பக்கவாட்டிலோ திருகப்பட்டிருக்கும். அதன் நுனியில் பொத்தான் மாதிரி ஒரு பின் உண்டு. ரிவர்ஸ் போட்டதும் உள்ளே நகரும் தண்டு அந்தப் பின்னை அழுத்தும், மின்சாரம் விளக்குக்குப் போகும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அமைப்பே வேறு. அதனால் நான் இன்று சொல்வது கியர் போட்டு ஓட்டும் வண்டிகளுக்கு மட்டும்.

சோதனையை வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போட்டுவிட்டு, இறங்கிப் போய்ப் பின்னால் பாருங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் சுவிட்சைச் சந்தேகப்பட வேண்டாம். அந்தப் பக்கத்துப் பல்ப், ஹோல்டரில் பிடித்த துரு, இல்லையென்றால் எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடம்புக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு. சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும்தான் வெள்ளை விளக்கு கொடுத்திருப்பார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்து எரியாவிட்டால் முதலில் ஃபியூஸ். இரண்டு பல்பும் ஒரே நாளில் போவது அபூர்வம். ஃபியூஸ் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் சுவிட்ச் மேல்தான். இன்னொரு தடயமும் உண்டு. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயம். பல வண்டிகளில் அந்த சென்சாரும் கேமராவும் விழித்துக்கொள்வது ரிவர்ஸ் போட்ட தகவல் கிடைத்த பிறகுதான். விளக்கும் எரியவில்லை, 'பீப்' சத்தமும் வரவில்லை என்றால், பல்பை விட்டுவிட்டுக் கியர்பாக்ஸ் பக்கம் வாருங்கள்.

கியர் கம்பியை ரிவர்ஸ் பக்கம் அழுத்திப் பிடித்தால் மட்டும் விளக்கு எரிகிறதா? சுவிட்சின் பின் தேய்ந்திருக்கலாம், கியர் கேபிள் செட்டிங் தளர்ந்திருக்கவும் கூடும். எந்த கியரிலும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

சுவிட்சைக் கழற்றுவதற்கு முன் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். சாவியை ஆஃப் செய்துவிட்டு, சுவிட்சுக்குப் போகும் கப்ளரை, அதாவது ஒயர் மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பைக் கழற்றுங்கள். மின் தொடர்பை அளக்கும் கருவியான மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கப்ளர் மாட்டியிருந்த இடத்தில் சுவிட்சின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள். நியூட்ரலில் தொடர்பு இருக்கக் கூடாது. ரிவர்ஸ் போட்டால் கிட்டத்தட்ட 0 ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. சரியாகக் காட்டினால் சுவிட்சுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், கோளாறு ஒயரில் இருக்கிறது. டிக்கி கதவில் விளக்கு இருக்கும் வண்டிகளில், கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர் திறந்து மூடியே அறுந்திருக்கும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கப்ளரில் ஒரு துண்டு ஒயரைச் சொருகி இணைத்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பழைய வண்டிகளுக்குச் சரி. கம்ப்யூட்டர் வழியாக விளக்கு எரியும் புது வண்டிகளில் அப்படிச் செய்ய வேண்டாம். சில கியர்பாக்ஸ்களில் இதே உருவத்தில் நியூட்ரல் சுவிட்ச் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கும், மாறிவிடாமல் பாருங்கள்.

சுவிட்ச் ஏன் கெடுகிறது? கியர் ஆயில் கசிந்து உள்ளே ஏறும், மழைத்தண்ணீர் கப்ளரில் பச்சை பிடிக்க வைக்கும். அதைவிட, நாமே செய்யும் ஒரு தவறு என்னை வருத்துகிறது. வழக்கமான பல்ப் 21 வாட். 12 வோல்ட்டில் இரண்டுக்கும் சேர்த்து 3.5 ஆம்பியர். பழைய வண்டிகளில் அந்த மின்சாரம் முழுக்க இந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. வெளிச்சம் போதவில்லை என்று 55 வாட் பல்ப் போட்டால் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்சின் முனை கருகிப்போகும், ஹோல்டரும் உருகும். கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால், அதிக மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாமல் தனியாகக் கொண்டுபோகும் ரிலே வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இனி மாற்றும் வேலை. இன்ஜின் ஆறியிருக்கட்டும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். சுவிட்சைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் முதலிலேயே துடைத்துவிடுங்கள், அது கியர்பாக்ஸுக்குள் விழுந்தால் பெரிய செலவு. கீழே ஒரு தட்டு வையுங்கள், சுவிட்ச் தாழ்வான இடத்தில் இருந்தால் ஆயில் கொட்டும். சில வண்டிகளில் சுவிட்சுக்குப் பின்னால் ஒரு சின்ன பின்னோ குண்டோ இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

புதிய சுவிட்சுக்குப் புதிய வாஷர் போடுங்கள். முதல் சில மரைகளைக் கையாலேயே ஏற்றுங்கள். கியர்பாக்ஸின் உடம்பு அலுமினியம். சுவிட்ச் கோணலாக ஏறி மரை போய்விட்டால், சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும். தொழில் பழகிய காலத்தில் அவசரப்பட்டு நேராக ஸ்பேனரைப் போட்டு ஒரு மரையைக் கெடுத்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்கப் போனது. கையால் ஏறி நின்ற பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும்.

கப்ளரை மாட்டிவிட்டு மறுபடி சாவியைப் போடுங்கள். ரிவர்ஸில் எரிகிறதா, நியூட்ரலில் அணைகிறதா என்று நான்கைந்து முறை பாருங்கள். ஆயில் கொட்டியிருந்தால் அளவு பார்த்து ஊற்றுங்கள். அப்புறம் அன்று இரவு வண்டிக்கு அடியில், சுவிட்சுக்கு நேர்கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளில் ஆயில் பொட்டு இல்லாவிட்டால் வாஷர் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நன்றி, வணக்கம்.