பசோத்தோ மக்களைக் காத்தது மன்னனின் மனமே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'பசோத்தோ மக்களைக் காத்தது மலையா, மன்னனின் மனமா?' இதுதான் தலைப்பு. ஆப்பிரிக்காவின் தெற்கே, இன்றைய லெசோத்தோ நாட்டு மக்கள்தான் பசோத்தோ. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் தபா போசியு மலையை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். செங்குத்தான பாறை, உச்சியில் சமவெளி, அங்கேயே ஊற்றுநீர், ஏறுவதற்குச் சில வழிகள்தான். அத்தனையும் உண்மை. 1824-இல் பசோத்தோ மன்னர் மோஷ்வேஷ்வே தன் மக்களோடு அங்கே குடியேறினார். அவர் இருந்தவரை எந்தப் பகைவனும் அதைப் பிடிக்கவில்லை.

சரி, அந்த மலைக்குப் போகும் வழியில் நடந்ததை அவர் சொல்லவில்லையே! போரும் பஞ்சமும் அந்தப் பக்கத்தையே சூறையாடிய காலம் அது. பசி தாங்காமல் மனிதரைத் தின்ற கூட்டங்களும் இருந்தன. நடக்க முடியாமல் பின்தங்கிய மன்னரின் தாத்தா பேட்டே, அப்படி ஒரு கூட்டத்துக்கு இரையாகிப் போனார். பின்னாளில் அவர்கள் பிடிபட்டதும் "கொல்லுங்கள்" என்று ஊரே கொதித்தது. மன்னர் என்ன செய்தார்? இவர்கள் வயிறுதான் என் தாத்தாவின் கல்லறை, கல்லறையை நான் இடிக்க மாட்டேன் என்றாராம். மாட்டை அறுத்து, அதன் இரைப்பையில் இருந்ததை எடுத்து அவர்கள் உடம்பில் பூசச் செய்தார். கல்லறைக்குச் செய்கிற சடங்கு அது! பிறகு அவர்களையும் தம் மக்களாக வாழவிட்டார். பசோத்தோ மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. எந்த மலைக்கு ஐயா இந்த மனசு வரும்?

1831-இல் ந்டெபெலே மன்னர் மெசிலிகாசியின் படை மலையேற முயன்று தோற்றது. திரும்பிப் போகிறவர்களுக்கு வழியில் சாப்பிட மாடுகளை அனுப்பினார் மோஷ்வேஷ்வே. அந்தப் படை மறுபடி அவர்மேல் வரவே இல்லை. அப்புறம் 'மஃபிசா' என்று ஒரு வழக்கம். ஒன்றுமில்லாமல் வந்து நிற்கிற அகதிக்கு மன்னர் தன் மாட்டைக் கொடுப்பார். மாடு மன்னருடையது, பால் அந்தக் குடும்பத்துக்கு. அந்தப் பாலைக் குடித்துப் பிழைத்த வெவ்வேறு குலத்தவரும் சேர்ந்துதான் பசோத்தோ என்று ஒரே மக்கள் ஆனார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1865-இல் போயர்கள், அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள், படையெடுத்தார்கள். அவர்களின் தளபதி வெபனர் மலைச்சரிவிலேயே மாண்டார். மலை விழவில்லை. ஆனால் கீழே பயிர்கள் எரிந்தன. பட்டினி வந்தது. 1866 உடன்படிக்கையில் நல்ல விளைநிலமெல்லாம் கைவிட்டுப் போயிற்று. நண்பரின் மலை அதைத் தடுத்ததா? பல ஆண்டுகளாகப் பிரிட்டிஷாரிடம் பாதுகாப்புக் கேட்டுக்கொண்டே இருந்த கிழவர்தான், 1868 மார்ச் 12-இல் அதைப் பெற்று மிச்ச மண்ணைக் காப்பாற்றினார். சுற்றிலும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருந்தும் 1966-இல் லெசோத்தோ தனி நாடாக விடுதலை பெற்றது, அன்று மிஞ்சிய அந்த மண்ணில்தான்.

1870 மார்ச் 11-இல் அவர் கண்ணை மூடினார். நடுவர் அவர்களே, இன்றும் தபா போசியு மலையில் மூச்சு வாங்க ஏறுகிறவர்கள் போய் நிற்கும் இடம் அவருடைய கல்லறை.